ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணுகிறான், "தண்ணி" என்று கேட்கத் தெரியவில்லை: கைப்பேசிதான் காரணமா?

கேள்வி
எழுதியவர்: கெடிலக்கரை

வணக்கம். நாங்கள் கடலூர் செம்மண்டலம் பக்கம் குடியிருக்கிறோம். என் கணவருக்கு நெய்வேலியில் ஷிப்டு வேலை. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணி செய்கிறேன். காலை எட்டரை மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடுகிறது. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 2 வயது 9 மாதம். பகலில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்கு 68 வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால், சின்னவன் வாசலைத் தாண்டி ஓடினால் பின்னால் போய்ப் பிடிக்க அவரால் முடியாது.

சின்னவன் ஆங்கிலத்தில் 1 முதல் 20 வரை தப்பில்லாமல் சொல்கிறான். நிறங்களின் பெயர்களையும் விலங்குகளின் பெயர்களையும் கார்ட்டூனில் வரும் அதே உச்சரிப்பில் சொல்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்துக்கு முன்னால் நிறுத்துகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறான், சில சமயம் திரும்புவதில்லை. கைப்பேசியில் பாட்டு ஒலித்தால் மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்துவிடுகிறான். பொருள் தெரிந்து அவன் தமிழில் சொல்லும் சொற்களை நேற்று இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்; பதினான்குக்கு மேல் வரவில்லை. அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வேளைச் சோறும் கைப்பேசியைப் பார்த்தபடிதான் உள்ளே இறங்குகிறது. பிடுங்கினால் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான், தலையை முட்டிக்கொள்கிறான். அந்த அழுகைக்குப் பயந்தே மறுபடியும் கொடுத்துவிடுகிறோம்.

பெரியவளின் சிக்கல் வேறு. சென்ற ஆண்டு 0.75 ஆக இருந்த கிட்டப்பார்வைப் பவர் இந்த ஆண்டு 1.75 ஆகியிருக்கிறது. பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவதால் அவளுக்குக் கைப்பேசியை மறுக்கவும் முடிவதில்லை. பாடம் முடிந்த பிறகும் அது அவள் கையிலேயே இருக்கிறது. கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை வாங்கச் சொல்கிறார்கள், விலை அதிகமாக இருக்கிறது.

"எல்லாம் போனால் வந்த வினை, ஒரு மாதம் ஒளித்து வைத்தால் தானாகப் பேசிவிடுவான்" என்று என் நாத்தனார் சொல்கிறார். "இவன் அப்பனே நாலு வயசில்தான் பேசினான்" என்று அத்தை சொல்கிறார். நான் வாயைத் திறந்தால், தம் வளர்ப்பைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அத்தை இரண்டு நாள் என்னோடு பேசுவதில்லை. அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போக முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? மருத்துவரிடம் இப்போதே போக வேண்டுமா, இல்லை ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்
எழுதியவர்: லாஸ்பேட்டை பேச்சுப்பயிற்சி

சகோதரி, நான் புதுச்சேரியில் பேச்சு மற்றும் செவித்திறன் பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே செவித்திறன் சோதனைக்கு அழைத்துப் போங்கள். பாட்டைக் கேட்டு ஓடி வருகிற பிள்ளைக்குக் காதில் என்ன குறை இருக்க முடியும் என்று தோன்றும். நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்கும், உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கும் பாட்டின் தாளமும் மெட்டும் கேட்டுவிடும். பேச்சில் உள்ள மெல்லிய மெய்யொலிகள்தான் தவறிப்போகும். பேச்சு தாமதமாகும் எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் முதலில் காதைத்தான் பார்ப்போம், மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொதுவாக 2 வயது நிறைவில் ஒரு பிள்ளையிடம் ஏறக்குறைய 50 சொற்கள் இருக்கும், இரண்டு சொற்களைச் சேர்த்து "அப்பா வா", "பால் வேணா" என்று சொல்லத் தொடங்கியிருக்கும். உங்கள் மகன் 3 வயதை நெருங்குகிறான். அப்பா தாமதமாகப் பேசியவர் என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திதான், காத்திருப்பதற்கான காரணம் அன்று. கையைப் பிடித்து இழுத்துப் போவது, பெயருக்குத் திரும்பாதது, மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்து கேட்கத் தெரியாதது ஆகிய மூன்றும் ஆட்டிசம் (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய அடையாளங்கள். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உண்டு என்றோ இல்லை என்றோ யாரும் சொல்ல முடியாது, நானும் இங்கே சொல்ல மாட்டேன். இணையத்தில் "மெய்நிகர் ஆட்டிசம்" என்று ஒரு பெயர் சுற்றுகிறது. அப்படி ஒரு நோய்ப்பெயர் மருத்துவ வகைப்பாட்டில் கிடையாது. அந்தப் பெயரை நம்பி, போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்துவிட்டு வருகிற பெற்றோரை நான் பார்க்கிறேன். பிள்ளையின் மூளை மிக வேகமாக வளரும் காலத்தை அந்தக் காத்திருப்பு விழுங்கிவிடுகிறது. சோதனையும் நடக்கட்டும், கைப்பேசியும் குறையட்டும். ஒன்று முடிந்து மற்றொன்று என்று வரிசை வேண்டாம்.

பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக 2013-இல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதன் கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்படுகின்றன. வளர்ச்சித் தாமதம், செவித்திறன், பேச்சு எல்லாவற்றையும் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் இதைக் கேளுங்கள். உங்கள் பகுதி அங்கன்வாடி ஊழியரும் வழி சொல்வார். புதுச்சேரி வர முடிந்தால் ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் இருக்கின்றன.

இனிக் கைப்பேசிக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எங்கள் படிப்பில் எல்லோரும் படித்திருப்போம். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம், ஆனால் வீடியோவில் பார்த்த குழந்தைகளிடம் அந்தக் கற்றல் நிகழவே இல்லை. காதில் விழுந்த ஒலி ஒன்றுதான். நேரில் இருப்பவர் குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பார்க்கிறார், குழந்தை சத்தம் கொடுத்தால் நிறுத்திவிட்டுப் பதில் கொடுக்கிறார். திரை யாருக்காகவும் நிற்பதில்லை. உங்கள் மகன் 20 வரை எண்ணுவதும் தண்ணி கேட்கத் தெரியாமல் நிற்பதும் ஓரளவு ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். எண்களைச் சொல்லிக் கொடுத்த திரை, அவன் பதிலுக்காக ஒரு முறைகூடக் காத்திருக்கவில்லை.

ஆகவே கைப்பேசியை எங்கே முதலில் எடுப்பது என்றால், சாப்பாட்டு நேரத்தில்தான் என்பேன். ஒரு வேளைக்கு 40 நிமிடம் என்று வைத்தால் மூன்று வேளைக்கு 2 மணி நேரம். ஒரு பெரியவர் வேறு வேலை இல்லாமல், பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு நாளில் அதுதான். நம் வீடுகளில் "காக்கா பாரு", "நிலா எங்கே", "இந்த வாய் யாருக்கு, அம்மாவுக்கு" என்று பேச்சு கற்றுக்கொடுத்தது அந்த வேளையில்தான். அதை யாரும் பயிற்சி என்று பெயர் சொல்லிச் செய்யவில்லை. இப்போது கைப்பேசி சரியாக அந்த 2 மணி நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது மட்டுமல்லாமல், திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் பிள்ளைக்குப் பசி அடங்கியதும் தெரிவதில்லை, வாயில் என்ன விழுகிறது என்பதும் தெரிவதில்லை.

அழுகையைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்கு உதவும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் சிறு பிள்ளைகளின் பெற்றோர் எழுதிய நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோது, "இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்று முன்கூட்டியே எச்சரிப்பது அழுகையைக் குறைக்கவில்லை, கூட்டியது என்று கண்டார்கள். காட்சி இயல்பாக முடியும் இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் எளிதாக விட்டுக்கொடுத்தார்கள். 2 வயதுப் பிள்ளைக்கு நிமிடம் என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பாட்டு முடிந்தது என்பது தெரியும். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டு முடிந்து திரை கறுப்பாவதை அவனே பார்க்கட்டும். சாப்பாட்டு நேரத்திலிருந்து கைப்பேசியை எடுக்கும் முதல் நான்கைந்து நாட்கள் அழுகை இப்போதைவிடக் கூடும், சோறும் குறைவாக இறங்கும், அதற்குத் தயாராக இருங்கள். தலையை முட்டினால் தலையணையை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அதிகம் பேசாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அழுது முடிந்த பிறகு கைப்பேசியைக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

அளவைக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல், 2 வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மிகக் கூடாது, அதிலும் குறைவது நல்லது என்றும் வரையறுத்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயது வரை திரை வேண்டாம், உறவினர்களோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு மட்டும் விலக்கு என்கிறது. 2 முதல் 5 வயது வரை 1 மணி நேரம், 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள்.

பதில்
எழுதியவர்: முதுநகர் தகப்பன்

மேலே எழுதியவர் துறை அறிந்தவர், அவர் சொன்ன சோதனைகளைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆறு ஆண்டுகள் குவைத்தில் வேலை பார்த்தவன். என் மகள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. அவள் என்னை முதன்முதலில் "ப்பா" என்று அழைத்தது இந்தத் திரையைப் பார்த்துத்தான். ஊருக்கு வந்து இறங்கியபோது அவள் என்னிடம் பயப்படாமல் வந்ததற்கும் அந்தத் திரைதான் காரணம். ஆகவே எல்லாத் திரையையும் நஞ்சு என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, கைப்பேசியை அதிகம் பார்க்கும் பிள்ளைகள் தாமதமாகப் பேசுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்லும்போது, எது காரணம், எது விளைவு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? சொன்னது புரியாத பிள்ளையை, அடக்க முடியாத பிள்ளையைச் சமாளிக்க வழியில்லாமல்தான் பல தாய்மார்கள் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில், கூலி வேலைக்குப் போய் வந்து, அடுப்பையும் பார்த்து, பிள்ளையையும் பார்க்கிற பெண்ணுக்கு வேறு என்ன துணை இருக்கிறது? அப்படியிருக்க, பிள்ளையின் எல்லாக் குறைக்கும் கைப்பேசியைக் கொடுத்த கையைக் காட்டுவது நியாயமாகத் தோன்றவில்லை. கேள்வி கேட்ட சகோதரியின் மாமியார் இதைப் படித்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

பதில்
எழுதியவர்: லாஸ்பேட்டை பேச்சுப்பயிற்சி

ஐயா, உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. வீடியோ அழைப்புக்கு விலக்கு கொடுத்திருப்பது நீங்கள் சொன்ன காரணத்தால்தான்: மறுமுனையில் இருப்பவர் பிள்ளையின் பேச்சுக்குப் பதில் சொல்கிறார். காரணமா விளைவா என்பதைப் பொறுத்தவரை, கனடாவின் கல்கரியில் ஏறக்குறைய 2,400 தாய்மார்களையும் அவர்களின் பிள்ளைகளையும் 2, 3, 5 ஆகிய வயதுகளில் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. முந்தைய வயதில் திரை நேரம் கூடியிருந்தால் பிந்தைய வயதின் வளர்ச்சி மதிப்பெண் குறைந்திருந்தது. மதிப்பெண் குறைந்திருந்ததால் பின்னர் திரை நேரம் கூடியது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த விளைவின் அளவு சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேச்சு வராததற்குக் கைப்பேசி ஒன்றே காரணம் என்று எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். மாமியாரைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இந்தப் பிள்ளையோடு பகலில் 10 மணி நேரம் இருப்பவர் அவர் ஒருவர்தான். சகோதரி, சோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மருத்துவரும் பயிற்சியாளரும் அவரிடம் நேரில் பேசட்டும். உங்கள் வாயால் வந்தால் குற்றச்சாட்டாகக் கேட்கும் சொல், வெளியாள் வாயால் வரும்போது ஆலோசனையாகக் கேட்கும்.

பதில்
எழுதியவர்: மஞ்சக்குப்பம் கண்பார்வை

நான் கண்பார்வைப் பரிசோதகர். மகளைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். ஓராண்டில் ஒரு முழுப் பவர் கூடுவது வேகமான வளர்ச்சி. கடையில் கணினியில் பார்த்துக் கொடுத்த அளவை நம்பிக் கண்ணாடியை மாற்றிவிடாதீர்கள். பிள்ளைகளின் கண் தசை இறுகி நின்று பவரைக் கூட்டிக் காட்டிவிடும். கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு, தசை தளர்ந்த பிறகு எடுக்கும் அளவுதான் சரியானது. கொடுத்த பவரை முழுமையாக, நாள் முழுவதும் போட வேண்டும். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று குறைத்துப் போடுவது ஊரில் வழக்கமாக இருக்கிறது, அதனால் எந்த நன்மையும் இல்லை.

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவது. நீண்டது மறுபடியும் குறுகாது. கைப்பேசியைப் பிள்ளைகள் ஒரு சாண் தூரத்தில் பிடிக்கிறார்கள், நெடுநேரம் பிடிக்கிறார்கள். புத்தகத்தையும் அப்படிப் பிடித்தால் அதே விளைவுதான். ஆனால் இதைவிடப் பெரிய செய்தி, அந்த நேரம் முழுவதும் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது என்பதுதான். வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்கும். வெளியே வேப்பமர நிழலில் நின்றாலே அது பல ஆயிரம் லக்ஸ். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டுகிறது, அது விழி நீள்வதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். அவற்றில் 6 பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், விடுமுறை நாட்களிலும் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும்படி பெற்றோரை ஊக்குவித்தார்கள். முடிவில் அப்பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். மருந்து இல்லை, செலவு இல்லை, வெளி வெளிச்சம் செய்த வேறுபாடு அது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் வலுவாக வேலை செய்கிறது. வந்துவிட்ட பிறகு அது ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அவ்வளவு வலு இல்லை. ஆகவே மகளுக்கு விளையாட்டு மட்டும் போதாது. அடர்த்தி குறைந்த அட்ரோபின் சொட்டு மருந்தோ, கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைப்பதற்கென்றே செய்யப்படும் கண்ணாடியோ தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். வெளி வெளிச்சத்தின் முழுப் பலன் கிடைக்கக்கூடியவன் இன்னும் கண்ணாடி போடாத உங்கள் மகன்தான். அவனை இன்றே வெளியே கூட்டிப்போங்கள். கடலூர் வெயிலில் நண்பகல் வேண்டாம். காலை ஏழு மணிக்கும் மாலை நான்கரைக்கும் வேண்டிய வெளிச்சம் இருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளின் தொல்லையும் இல்லை.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். 2023-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கண் எரிச்சல் வருவது, திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, 20 விநாடி தெருவின் கோடியைப் பார்க்கப் பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடத்தை நீங்களே பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கைப்பேசி அவள் கைக்குப் போக வேண்டியதே இல்லை.

பதில்
எழுதியவர்: முதலியார்பேட்டை ஆசிரியை

பத்து வயதுப் பெண்ணிடம் கைப்பேசி இரவிலும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் முகத்துக்கு அருகே வரும் வெளிச்சம் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. பார்த்த காட்சியின் பரபரப்பும் மனத்தில் தங்கிவிடுகிறது. என் ஐந்தாம் வகுப்பில் முதல் பாடவேளையில் யார் முந்தைய இரவு கைப்பேசியோடு படுத்தார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே என்னால் சொல்ல முடிகிறது. எரிந்து விழுவது, கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்பது, கணக்கில் கூட்டலை விட்டுவிடுவது என்று எல்லாவற்றையும் நாம் கவனக்குறைவு என்கிறோம். அதில் பெரும்பகுதி தூக்கக் குறைவு. எங்கள் வீட்டில் இரவு எட்டரைக்கு என் கைப்பேசி உட்பட எல்லாம் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். சார்ஜரையும் அங்கேயே வைத்துவிட்டோம். என்னுடையதும் போவதால்தான் என் மகள் ஒத்துக்கொள்கிறாள்.

பதில்
எழுதியவர்: முத்தியால்பேட்டை ஆயா

அம்மா, எனக்கு 70 வயது. பேரன் தட்டச்சு செய்து கொடுக்கிறான், நான் சொல்லச் சொல்ல. உன் மாமியாரின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். பிள்ளை படிக்கட்டில் ஏறினால் தூக்க முடியாது, ரோட்டுக்கு ஓடினால் பிடிக்க முடியாது, விழுந்துவிட்டால் மருமகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் ஒரு நிமிடமும் விடாது. போனைக் கொடுத்தால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அது சோம்பேறித்தனம் இல்லை, பயம். அதைப் புரிந்துகொண்டேன் என்று முதலில் நீ அவரிடம் சொல்.

பிறகு அந்தப் பயத்துக்கு வழி செய்து கொடு. என் மகன் வாசலுக்கு இடுப்பளவு மரக்கதவு ஒன்று போட்டுக் கொடுத்தான். திண்ணையில் நான் கால் நீட்டி உட்கார, பேரன் எனக்கு முன்னால் மணலைக் கொட்டிக்கொண்டு விளையாட, தெருவில் போகிற மாடு, ஐஸ் வண்டி, மீன்காரம்மா எல்லோரையும் காட்டிப் பேசிக்கொண்டே சோறு ஊட்டினேன். மொச்சைக்கொட்டை உரிக்கச் சொன்னால் அரை மணி உரிப்பான். எண்ணிக் கொடு என்றால் எண்ணுவான். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார வைத்தால் போதும், விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் அடித்து மின்சாரமும் இல்லாமல் போனுக்குச் சார்ஜும் இல்லாமல் இருந்த நாட்களில், எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் கூடத்தில் பல்லாங்குழி ஆடினார்கள். யாரும் போனைக் கேட்டு அழவில்லை, கொடுப்பதற்கு இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பதில்
எழுதியவர்: கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. 24 நாட்கள் கழித்து எழுதுகிறேன். அதற்கு முன் எழுதத் துணிவு வரவில்லை.

செவித்திறன் சோதனை முடிந்தது. வலது காதில் குறை இல்லை. இடது நடுக்காதில் நீர் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார்கள். வளர்ச்சி மதிப்பீட்டில் பேச்சுத் தாமதம் உறுதி என்றும், ஆட்டிசம் பற்றி இப்போதே முடிவு சொல்லாமல் பயிற்சியைத் தொடங்கிவிட்டு மறுமதிப்பீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். வாரம் இரண்டு நாள் பயிற்சி. அத்தையையும் அழைத்துப் போனேன். பயிற்சியாளர் என்னைவிட அவரிடம்தான் அதிகம் பேசினார். "சாப்பாட்டு நேரம் உங்கள் வகுப்பு, பாட்டி" என்று சொன்னதைத் திரும்பி வரும் பேருந்தில் அத்தை இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

வாசலுக்குத் தடுப்பு போட்டுவிட்டோம். முதல் ஆறு நாட்கள் மிகவும் கடினமாக இருந்தன; மூன்றாம் நாள் மதியம் அவன் சோறே தொடவில்லை, அத்தை அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார், நானும் அலுவலகக் கழிவறையில் நின்று அழுதேன். அன்று மட்டும் கைப்பேசியைக் கொடுத்துவிட்டோம். இப்போது காலையும் மதியமும் கைப்பேசி இல்லாமல் சாப்பிடுகிறான். இரவுச் சாப்பாடு இன்னும் போராட்டம்தான்; அந்த நேரத்தில் நானும் களைத்திருக்கிறேன், அவனும் களைத்திருக்கிறான். இதை எப்படிக் கையாள்வது என்று யாராவது எழுதினால் உதவியாக இருக்கும். பதினான்காக இருந்த சொற்கள் பத்தொன்பது ஆகியிருக்கின்றன. "தண்ணி" இன்னும் வரவில்லை, ஆனால் குடத்தை நோக்கி விரலை நீட்டி என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான். பயிற்சியாளர் இதைக் கேட்டதும் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

மகளுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் பவர் 1.50 தான். அட்ரோபின் தொடங்கியிருக்கிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் வரச் சொன்னார்கள். நீல ஒளிக் கண்ணாடி வாங்கவில்லை. மாலையில் அவளே தம்பியை வாசலுக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் பந்து உருட்டுகிறாள், அத்தை திண்ணையிலிருந்து பார்த்துக்கொள்கிறார். முதுநகர் ஐயா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் பெயரைக் கேட்டார், தெரியாது என்றேன்.